கம்பிகளால் ஒளியை அளந்தவர்

ஜெர்மனியிலுள்ள ஸ்ட்ராபிங் நகரில் 1787ஆம் ஆண்டு ஜோசப் ஃபிரான்ஹோஃபர் பிறந்தார். தந்தை சன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழிலாளி. பதினொரு வயதில் பெற்றோர் இருவரையும் இழந்த சிறுவன், மியூனிக் நகரக் கண்ணாடித் தொழிலாளி ஒருவரிடம் ஊதியமின்றி வேலை பழக அனுப்பப்பட்டான். நூல்களைக் கற்கும் ஆவல் அவனிடம் மிகுந்திருந்தது. முதலாளியோ அதற்கு இடங்கொடுக்கவில்லை.

1801ஆம் ஆண்டு ஜூலையில் அவ்வீடு இடிந்து விழுந்தது. முதலாளியின் மனைவி உயிரிழந்தார். இடிபாடுகளுக்குள் சிக்கிய சிறுவன் சில மணி நேரம் கழித்து உயிருடன் மீட்கப்பட்டான். அங்கு வந்திருந்த பவேரிய ஆட்சியாளர் மாக்சிமிலியன் அவனுக்குப் பொற்காசுகள் வழங்கினார். பதினான்கு வயதுச் சிறுவன் அப்பணத்தை வீணாக்கவில்லை. கண்ணாடி அறுக்கும் பொறி ஒன்றை வாங்கினான். எஞ்சிய பயிற்சிக் காலத்திலிருந்து விடுதலையும் பெற்றான். உட்ஸ்நைடர் என்னும் செல்வந்தர் அவனுக்கு நூல்கள் தந்து உதவினார்.

பின்னர் உட்ஸ்நைடரின் தொழிற்கூடத்திலேயே சேர்ந்து, சிறந்த ஆடிகளைச் செய்பவராக ஃபிரான்ஹோஃபர் உயர்ந்தார். 1814ஆம் ஆண்டில், குறுகிய பிளவின் வழியே வந்த சூரிய ஒளியை முப்பட்டகத்தில் செலுத்தி நோக்கினார். வண்ணப் பட்டையின் குறுக்கே எண்ணற்ற கரிய கோடுகள் தெரிந்தன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட கோடுகளைப் பொறுமையுடன் குறித்துவைத்தார். ஆயினும், முப்பட்டகத்தின் கண்ணாடி மாறினால் நிறங்கள் விரியும் அளவும் மாறிவிடும். கோடுகளின் அலைநீளத்தை அளக்க வேறொரு கருவி தேவைப்பட்டது.

அக்கருவியை அவர் கம்பியாலும் திருகாணியாலும் செய்தார். மிக நுண்ணிய மரைகள் கொண்ட இரு திருகாணிகளை இணையாகப் பொருத்தி, அம்மரைப் பள்ளங்களில் மெல்லிய கம்பியை நெருக்கமாக இழுத்துக் கட்டினார். அவ்வாறு அமைத்த ஒரு கீற்றணியில் 260 கம்பிகள் இருந்தன. கம்பிகளின் இடைவெளிகளில் நுழையும் ஒளி விளிம்புகளில் வளைந்து பரவுகிறது. இதுவே விளிம்பு விளைவு. பல இடைவெளிகளிலிருந்து வரும் ஒளியலைகள் சில திசைகளில் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. வேறு சில திசைகளில் அழிக்கின்றன. அத்திசை நிறத்துக்கு நிறம் வேறுபடுவதால் வண்ணங்கள் பிரிகின்றன. இரவில் குடைத்துணியின் வழியே தொலைவிலுள்ள தெருவிளக்கை நோக்கினால், அது பல ஒளிப்புள்ளிகளாகச் சிதறித் தோன்றுவதும் இதனால்தான். குறுந்தகட்டில் வானவில் தோன்றுவதற்கும் அதன் நெருங்கிய வரிகளே காரணம்.

கம்பிகளின் இடைவெளியும் ஒளி விலகிய கோணமும் தெரிந்தால் அலைநீளத்தைக் கணக்கிடலாம். மஞ்சள் நிறப் பகுதியிலுள்ள கோட்டின் அலைநீளம், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 1,700இல் ஒரு பங்கு! கம்பிகள் போதாமல் பின்னாளில் கண்ணாடியின் மீது வைரமுனையால் கோடுகள் கீறினார்.

1826ஆம் ஆண்டில், 39ஆம் வயதில், காசநோயால் ஃபிரான்ஹோஃபர் மறைந்தார். சூரியனைச் சூழ்ந்துள்ள தனிமங்களே அக்கரிய கோடுகளை உண்டாக்குகின்றன என்று கிர்க்காஃப் விளக்கியது, அதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்னரே.