கல்லில் காலம் கண்ட புரூஸ் ஃபூட்

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் நாம் நாள்தோறும் பல்லாவரத்தைக் கடக்கிறோம். வெள்ளிக்கிழமைச் சந்தையும் கற்குன்றுகளும் அவ்வூரின் அடையாளங்கள். ஆனால் இந்திய மண்ணில் மனித வாழ்வின் தொன்மையை உலகுக்கு முதன்முதலாக அறிவித்த ஊரும் அதுவே என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதை அறியச் செய்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட்.

1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் அவர் பிறந்தார். 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். ஊர் ஊராகச் சென்று பாறைகளையும் மண் அடுக்குகளையும் ஆராய்வது அவர் பணி. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையுடன் விவிலியத்தைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை அவர் மணந்தார்.

அந்நாளில் ஐரோப்பாவில் ஒரு பெரும் விவாதம் நடந்தது. பிரான்சில் சோம் ஆற்றுச் சரளையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கற்கருவிகளும் கிடைத்தன. பனியுகத்திலேயே மனிதன் வாழ்ந்தான் என்பதை 1859-இல் ஆங்கில அறிஞர்கள் ஏற்றனர். அச்செய்திகளைப் படித்த ஃபூட், தென்னாட்டுச் சரளையிலும் அத்தகைய கருவிகள் இருக்கலாமே என்று தேடினார்.

1863 மே 30. பல்லாவரத்தில் படையினரின் அணிவகுப்புத் திடலருகே இருந்த சரளைக் குழியில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. மனிதன் செதுக்கிய கைக்கோடரி அது! அதே ஆண்டு செப்டம்பர் 28-இல், திருவள்ளூர்ப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தில், நண்பர் வில்லியம் கிங்குடன் மேலும் பல கருவிகளைக் கண்டார்.

அவரும் தவறினார். கருவிகள் கிடைத்த செம்புறைக்கல் படிவம் கடலடியில் உருவானது என்று எண்ணினார். பின்வந்தோர் அதை ஏற்கவில்லை. ஆயினும் எந்தக் கல் எந்த இடத்தில் கிடைத்தது என்று எழுதி வைத்தார். அதனால்தான் பின்வந்தோர் அதே இடங்களுக்குச் சென்று ஆராய முடிந்தது.

1891-இல் ஓய்வு பெற்றபின் பரோடா, மைசூர் அரசுகளுக்காக உழைத்தார், ஏற்காட்டிலும் வாழ்ந்தார். அவர் சேர்த்த தொல்பொருள்களை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் பெற்றது. 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில் மறைந்தார். அவர் நினைவுச் சின்னம் ஏற்காட்டுத் தேவாலயத்தில் உள்ளது.

கருவிகளின் வயதை ஆண்டுக்கணக்கில் கூற அவர் காலத்தில் வழியில்லை. அந்த விடை 2011-இல் வந்தது. அத்திரம்பாக்கத்தை அகழ்ந்த சாந்தி பப்புவின் குழுவினர் இருவழிகளில் ஆராய்ந்தனர். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் கல்லில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் அணுக்களை உண்டாக்குகின்றன. கல் மண்ணில் ஆழப் புதைந்தபின் இவை வெவ்வேறு வேகத்தில் சிதைவதால், எஞ்சிய அளவு புதைந்த காலத்தைச் சொல்லும். மற்றொன்று, புவியின் வெளிக்கருவில் பிறக்கும் காந்தப்புலம். ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன் அது இன்றைய திசைக்கு நேர்மாறாக இருந்தது. அந்த மாறிய திசையை மண் அடுக்குகள் தாங்கியிருந்தன. கருவிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று தெரிந்தது!

ஃபூட்டுக்கு முன்பே சரளை வெட்டிய தொழிலாளரின் கைகளில் இத்தகைய கற்கள் அகப்பட்டிருக்கும். மண் சுமந்து உழைத்த குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த எனக்கு இந்த எண்ணம் நெஞ்சை உறுத்துகிறது. அவர்களுக்குக் கண் இல்லாமல் இல்லை. படிக்கும் வாய்ப்புத்தான் இல்லை. நமக்கு அவ்வாய்ப்பு கிடைத்துள்ளது. நம் புறநகரெங்கும் இன்று வீடு கட்ட மண் தோண்டப்படுகிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அக்கருவிகளை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, நம் தெருவில் கொட்டிக் கிடக்கும் சரளையைச் சற்று நின்று பார்ப்போமா, நண்பர்களே?