அட்டையில் ஒரு கிடார்

ஸ்பெயின் நாட்டின் அல்மேரியா நகர் அருகே, 1817ல் பிறந்தவர் அந்தோனியோ தே டோரஸ். தச்சு வேலை கற்றவர், பின்னர் செவில் நகரில் கிடார் செய்யத் தொடங்கினார்.

கிடாரின் இனிமை எங்கிருந்து வருகிறது, குட்டீஸ்? மேல்பலகையில் இருந்துதான் என்று நம்பினார் டோரஸ். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தில், ரேகைகள் நேராக, நெருக்கமாக ஓடும் பலகையைத் தேடி எடுப்பார். அதை மெல்லியதாக இழைத்து, வளையாமலிருக்க உள்பக்கம் விசிறி போலக் குச்சிகளை ஒட்டுவார்.

1862ல் ஒரு சோதனை செய்தார். மேல்பலகை நல்ல மரம். முதுகும் பக்கங்களும் வெறும் அட்டை! அப்படியும் கிடார் இனிமையாகவே ஒலித்தது. அது இப்போது பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இத்தனை பெயர் எடுத்தவர், ஊர் திரும்பி பீங்கான் கடை வைத்தார், பாவம்! கை சும்மா இருக்குமா? மறுபடி உளியைப் பிடித்தவர், 1892ல் இறக்கும் வரை கிடார் செய்தார்.