குடத்தில் இட்ட பெயர்

சென்ற ஆண்டு ஒரு கட்டுரைப் போட்டியில் கலந்துகொண்டேன். வெற்றியாளரைக் கைப்பேசி வாக்குதான் முடிவு செய்தது. ஒருவரே பல கணக்குகளைத் திறந்து வாக்களிக்கலாம். முன்பே புள்ளி சேர்த்தவரின் வாக்குக்குக் கூடுதல் மதிப்பு வேறு! முடிவை நான் சொல்லத் தேவையில்லை. சுங்கை பஞ்சாங் வீட்டில் இரண்டு நாள் புலம்பினேன். தாத்தா பொறுத்துப் பார்த்துவிட்டு, பராந்தக சோழனைப் பற்றிப் படி என்றார்.

முதலாம் பராந்தகன் 907-இல் அரியணை ஏறினான். தந்தை ஆதித்தன் பல்லவரிடமிருந்து தொண்டை நாட்டைப் பிடித்திருந்தான். மகன் தெற்கே சென்று மதுரையை வென்றான். தோற்ற பாண்டியன் தன் மணிமுடியை இலங்கையில் விட்டுச் சென்றான். அதை மீட்கப் பராந்தகன் படை அனுப்பியும் கிடைக்கவில்லை; கொள்ளுப்பேரனின் மகன் இராஜேந்திரன் காலத்தில்தான் சோழர் கைக்கு வந்தது. தில்லைக் கோயிலுக்குப் பொன் வேய்ந்ததும் பராந்தகன்தான்.

ஆனால் தாத்தா என்னைப் படிக்கச் சொன்னது இதற்காக அல்ல, உத்திரமேரூருக்காக. அவன் ஆட்சியில் 919-இல் அவ்வூர்ச் சபை குடவோலை விதிகளைக் கல்லில் வெட்டியது. இரண்டே ஆண்டில், 921-இல், அவற்றைத் திருத்தி மறுபடியும் வெட்டியது. இரண்டு முறையும் அரசனின் அதிகாரி ஒருவர் உடனிருந்தார். முதல் விதியில் ஓட்டை இருந்தால் ஒத்துக்கொண்டு மாற்றினார்கள் என்பதே எனக்குப் பெரிய செய்தி.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் கையை விட்டு எடுப்பான். வயது 35-க்கு மேல், 70-க்குள். சொந்த மனையில் வீடு வேண்டும், வரி கட்டும் நிலம் வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரை இடக்கூடாது. பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் குடத்துக்கு வெளியேதான். ஏரி வாரியத்துக்கு அறுவர். தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர். பெர்ணம் ஆற்று வாய்க்காலை நம்பி நெல் விளையும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு, ஏரிக்குத் தனி வாரியம் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

நான் மயங்கியது அந்த மூன்று ஆண்டு விதியில்தான். நற்பெயர் சேர்த்தவர் அதை முதலாக வைத்து மேலும் மேலும் சேர்க்க முடியாது. விலகி நின்று, திரும்ப வர வேண்டும். என் போட்டியில் அப்படி ஒரு விதி இருந்திருந்தால்!

ஆனாலும் இது எல்லாருக்குமான தேர்தல் என்று மேடையில் முழங்குவதை நான் ஏற்கமாட்டேன். அது வேதம் கற்ற அந்தணருக்குக் கொடுத்த ஊர். பெண்களுக்கு இடமில்லை, நிலமற்றவருக்கும் இல்லை. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டியின் பெயர் அந்தக் குடத்தில் விழுந்திருக்காது.

பராந்தகனின் கடைசிக் காலம் சோகமானது. 949-இல் தக்கோலப் போரில் மூத்த மகன் இராஜாதித்தன் யானை மேலேயே மாண்டான். தொண்டை நாடு இராஷ்டிரகூடர் கைக்குப் போனது. 955 வாக்கில் பராந்தகனும் மறைந்தான். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் அந்த எழுத்துகள் இன்றும் இருக்கின்றன.