தாடை எலும்பு ஒன்றா, இரண்டா?

இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுகளுக்குச் சற்று முன்னால் வைத்து, வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கடியில் ஏதோ உருண்டு நகர்வது தெரியும். அதுதான் கீழ்த்தாடை மூட்டு. ஒரு பக்கம் அசைந்தால் மறுபக்கமும் அசையும். கீழ்த்தாடை முழுவதும் ஒரே எலும்பு. இதைச் சொன்னதற்காகவும் ஏச்சு வாங்கியவர் ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ்.

இவர் 1514இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தார். தந்தை பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு மருந்து தயாரித்தவர். பாரிஸில் மருத்துவம் படித்த வெசாலியஸ், 1537இல் இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற கையோடு, 23 வயது நிரம்பும் முன்பே அங்கு ஆசிரியரானார்.

அந்நாளில் பேராசிரியர் உயரமான இருக்கையில் அமர்ந்து, சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலனின் நூலை வாசிப்பார். கீழே நாவிதர் பிணத்தை அறுத்துக் காட்டுவார். கீழ்த்தாடையில் இரண்டு எலும்புகள் என்று கேலன் எழுதியிருந்தார். அவர் அறுத்துப் பார்த்தவை குரங்கு, பன்றி, நாய் போன்ற விலங்குகள். நாய்க்குத் தாடையின் இரு பாதிகளும் முழுதாக ஒட்டுவதில்லை. மனிதக் குழந்தைக்கும் பிறக்கும்போது இரண்டுதான். ஒரு வயதுக்குள் முகவாயில் சேர்ந்து ஒன்றாகிவிடும்.

பேரேட்டை மட்டும் நம்பாமல் பெட்டியைத் திறந்து பணத்தை எண்ணும் காசாளர் போல, வெசாலியஸ் தாமே கத்தியை எடுத்தார். கண்டதையெல்லாம் படங்களுடன் பெரிய நூலாக்கி, 1543இல் பாசல் நகரில் அச்சிட்டார். அப்போது அவருக்கு வயது 28.

எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. மனம் வெறுத்துத் தம் குறிப்புகளை எரித்துவிட்டு, அரண்மனை மருத்துவராகப் போய்விட்டார். பாரிஸில் பாடம் சொன்ன சில்வியஸே அவரைப் பைத்தியம் என்று ஏசி 1551இல் நூல் எழுதினார். கேலன் தவறவில்லை, அவருக்குப் பிறகு மனித உடல்தான் மாறிவிட்டது என்பது அவர் வாதம்!

1564இல் ஜெருசலேம் யாத்திரை முடித்துத் திரும்பும் வழியில், கிரேக்கத் தீவான ஜாகிந்தோஸில் வெசாலியஸ் காலமானார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. 1543இல் அவர் கோத்து நிறுத்திய எலும்புக்கூடு பாசலில் இன்றும் இருக்கிறது.

அடுத்த முறை பல் மருத்துவர் முழுத் தாடை எக்ஸ்ரே எடுத்தால், வாங்கிப் பாருங்கள். ஒரு காதருகே தொடங்கி மறு காதருகே முடியும் அந்த ஒற்றை எலும்பில் வெசாலியஸின் உழைப்பும் தெரியும்.