கால்நடையாக 214 மலை ஏறிய கணக்குப்பிள்ளை

நகரசபை ஆபீசில் கணக்கு எழுதுவது அவர் வேலை. அவர் கார் ஓட்டியது இல்லை. யாரோடும் அதிகம் பேசமாட்டார். ஆனால் அவர் எழுதிய புத்தகங்கள் 20 லட்சத்துக்கு மேல் விற்றன. அவர் ஏறிய 214 மலைகளையும் இங்கிலாந்து மக்கள் இன்று அவர் பெயரைச் சொல்லியே அழைக்கிறார்கள்.

அவர்தான் ஆல்பிரட் வெயின்ரைட்.

பந்தாட்டப் பித்தராக வாழ்க்கையைத் தொடங்கி, நடந்து நடந்தே புகழ் பெற்ற அவருடைய கதை இது.

ஏழைக் குடும்பம்

இங்கிலாந்தின் வடக்கே லங்காஷயர் பகுதியில் பிளாக்பர்ன் என்ற ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த ஊர் முழுவதும் நெசவாலைகள். எங்கு பார்த்தாலும் புகைபோக்கிகள். நம் நாட்டில் விற்பதற்கென்றே அங்கே வேட்டிகள் நெய்து கப்பலில் ஏற்றினார்கள். அந்நியத் துணியை நம் மக்கள் பகிஷ்கரித்தபோது, அதனால் பாதிக்கப்பட்ட ஊர்களில் அதுவும் ஒன்று. 1931-ம் ஆண்டில் காந்தியடிகள் லங்காஷயருக்குப் போனார். பிளாக்பர்னுக்குப் பக்கத்தில் உள்ள டார்வென்னில் தங்கி நெசவாலைத் தொழிலாளர்களைச் சந்தித்தார்.

அந்த பிளாக்பர்னில் 1907-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி வெயின்ரைட் பிறந்தார். நான்கு பிள்ளைகளில் அவரே கடைக்குட்டி.

தகப்பனார் கல் வேலை செய்யும் கொத்தர். கெட்டிக்காரர்தான். ஆனால் குடிப்பழக்கம் அவரை விடவில்லை. கிடைத்த கூலி சாராயக் கடைக்கே போயிற்று. தாயார் அக்கம்பக்கத்து வீட்டுத் துணிகளை வாங்கி வெளுத்துக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

வெயின்ரைட் படிப்பில் சூரர். ஆனாலும் 13 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கவேண்டியதாயிற்று. அவரோடு படித்த பிள்ளைகள் பலர் ஆலைக்குப் போனார்கள். அவரோ நகரசபை ஆபீசில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். பிறகு கணக்குப் பிரிவுக்கு மாறினார். பகலில் வேலை, இரவில் படிப்பு. பல ஆண்டுகள் விடாமல் படித்துக் கணக்காளர் பரீட்சையில் தேறினார்.

சனிக்கிழமை மைதானம்

உழைத்துக் களைத்த அந்த ஊருக்கு வாரத்தில் ஒரு திருநாள் உண்டு. அது சனிக்கிழமை. அன்று பிற்பகல் ஈவுட் பார்க் மைதானத்தில் கால்பந்தாட்டம் நடக்கும். பிளாக்பர்ன் ரோவர்ஸ் என்பது ஊர்க் குழுவின் பெயர்.

அது சாமானியக் குழு அல்ல. 1875-ல் தொடங்கியது. 1888-ல் இங்கிலாந்தில் கால்பந்து லீக் ஆரம்பமானபோது அதில் சேர்ந்த 12 குழுக்களில் அதுவும் ஒன்று. 1928-ம் ஆண்டில் வெம்பிளி மைதானத்தில் ஹடர்ஸ்பீல்டு குழுவை 3-க்கு 1 என்ற கோல் கணக்கில் தோற்கடித்து எப்.ஏ. கோப்பையை ஆறாவது முறையாகப் பெற்றது. அப்பொழுது வெயின்ரைட்டுக்கு வயது 21.

கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகும் சுபாவம் அவருக்கு. அந்த மைதானத்துக் கூட்டத்தை மட்டும் அவர் விரும்பினார். பார்த்துவிட்டுப் போவதோடு அவர் நிற்கவில்லை. ரோவர்ஸ் ஆதரவாளர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். கடைசி வரையில் அவர் அந்தக் குழுவின் பக்கமே இருந்தார்.

800 அடி ஏறியதும் கண்ட காட்சி

1930-ம் ஆண்டில் அவருக்கு 23 வயது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு வாரம் வெளியூர் போய்வர நினைத்தார். சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளைப் போல உறவுமுறைச் சகோதரர் ஒருவர் துணைக்கு வந்தார். இருவரும் பஸ் ஏறி விண்டர்மியர் என்ற ஊருக்குப் போனார்கள்.

அது ஏரி மாவட்டம் எனப்படும் பிரதேசம். இங்கிலாந்தின் மிகப் பெரிய ஏரி அங்கேதான் இருக்கிறது. அந்நாட்டின் மிக உயர்ந்த மலையும் அங்கேதான். அந்த மலையின் உயரம் சுமார் 3,200 அடி. நம் ஊட்டியின் தொட்டபெட்டா அதைப்போல இரண்டரை மடங்குக்கும் அதிக உயரம். ஆனால் அந்த மலைகளின் அழகு உயரத்தில் இல்லை. ஏரியும் மலையும் பள்ளத்தாக்கும் அடுத்தடுத்து வருவதில் இருக்கிறது.

பஸ்ஸை விட்டு இறங்கிய இருவரும் ஊருக்கு மேலே உள்ள ஆரஸ்ட் ஹெட் என்ற குன்றில் ஏறினார்கள். உயரம் 800 அடி கூட இருக்காது. மரங்களுக்கு இடையே ஏறி உச்சிக்கு வந்ததும் வெயின்ரைட் அசையாமல் நின்றுவிட்டார். கீழே நீண்டு கிடக்கும் ஏரி. எதிரே வரிசை வரிசையாக மலைகள். ஆலைப் புகையிலேயே வளர்ந்தவர், 60 மைல் தூரத்தில் இப்படி ஓர் உலகம் இருப்பதை அன்றுதான் கண்டார்.

அந்த ஒரு வாரம் அவருடைய வாழ்க்கையையே மாற்றிவிட்டது.

200 மைல் நடை

மறு ஆண்டு அவருக்குத் திருமணம் நடந்தது. மணப்பெண் ரூத், நெசவாலையில் வேலை செய்தவர். 1933-ல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஆனால் கணவன் மனைவிக்குள் மனம் ஒட்டவில்லை. பெரிய சண்டை ஒன்றும் இல்லை. பேச்சு குறைந்துகொண்டே போயிற்று.

1938-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். ஹிட்லரின் மிரட்டலால் ஐரோப்பாவில் யுத்தம் மூளும் என்று எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். வெயின்ரைட் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தன்னந்தனியாகப் புறப்பட்டார். செட்டில் என்ற ஊரிலிருந்து பென்னைன் மலைத்தொடர் வழியாக வடக்கே நடந்து, ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் நடந்தே வந்தார். மொத்தம் சுமார் 200 மைல். இரவில் வழியில் உள்ள வீடுகளில் தங்கினார்.

அந்தப் பயணத்தை ஒரு புத்தகமாக எழுதினார். எழுதியதை மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். அது அச்சாகி வெளிவந்தது 1986-ல்தான்!

சம்பளம் குறைந்தாலும் சரி

1941-ம் ஆண்டில் ஏரி மாவட்டத்தின் ஓரத்தில் உள்ள கெண்டல் நகரசபையில் ஓர் உத்தியோகம் காலியாயிற்று. பிளாக்பர்னில் வாங்கியதைவிடச் சம்பளம் குறைவு. வெயின்ரைட் தயங்கவில்லை. பிறந்த ஊரையும் நண்பர்களையும் பந்தாட்ட மைதானத்தையும் விட்டுவிட்டுக் கெண்டலுக்குக் குடிபோனார். 1948-ல் அந்த நகரசபையின் பொருளாளர் ஆனார்.

வார நாட்களில் அவருடைய கணக்கில் ஒரு பென்னி தப்பாது. வார இறுதி வந்தால் காலையில் பஸ்ஸில் ஏறிவிடுவார். பழைய கோட்டு, கனத்த பூட்ஸ், புகைக் குழாய், காமிரா. இவ்வளவுதான் அவருடைய சாமான். நாள் முழுவதும் மலையில் நடந்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்புவார். மழை, பனி எதற்கும் நிற்கமாட்டார். மலைப் பாதையில் எதிரே ஆள் வருவது தெரிந்தால், பேச்சுக் கொடுக்க மனமில்லாமல் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதும் உண்டு.

100 பக்கம் குப்பைக்குப் போயிற்று

1952-ம் ஆண்டு நவம்பர் 9-ந் தேதி இரவு அவர் பேனாவை எடுத்தார். ஏரி மாவட்டத்தில் உள்ள மலைகளை எல்லாம் ஏறிப் பார்த்து எழுதுவது என்று தீர்மானம். மலையைப் பற்றிய வர்ணனை மட்டும் போதாது. எந்த வழியில் ஏறுவது, எங்கே வேலி, எங்கே ஓடை, உச்சியில் நின்றால் எந்தப் பக்கம் எந்த மலை தெரியும் என்பதெல்லாம் வேண்டும். படமும் வரைபடமும் எழுத்தும் எல்லாம் தம் கையாலேயே.

கணக்குப்பிள்ளை அல்லவா? இதற்கும் கணக்குப் போட்டார். ஏழு புத்தகங்கள், 13 ஆண்டுகள்!

சுமார் 100 பக்கம் எழுதி முடித்த பிறகு புரட்டிப் பார்த்தார். இடது ஓரம் நேராக இருந்தது. வலது ஓரத்தில் வரிகள் ஏறியும் இறங்கியும் நின்றன. அது அவர் கண்ணை உறுத்தியது. பல மாத உழைப்பு என்று பார்க்கவில்லை. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் எழுதினார். அச்சு எழுத்தைப்போல இரண்டு ஓரமும் நேராக வந்த பிறகுதான் அவருக்குத் திருப்தி.

முதல் புத்தகம் தயாராயிற்று. 2,000 பிரதி அச்சிட 950 பவுன் வேண்டும். அவர் கையில் இருந்தது 35 பவுன். அச்சகத்தார் நல்லவர். விற்க விற்கப் பணம் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார். கெண்டலில் இருந்த நூலக அதிகாரி ஹென்றி மார்ஷல் பதிப்பாளராகத் தம் பெயரைக் கொடுத்து உதவினார். 1955-ல் புத்தகம் வெளிவந்தது. ஒருவர் சொல்லி ஒருவர் வாங்கினார்கள். கடன் அடைந்தது.

அடுத்தடுத்துப் புத்தகங்கள் வந்தன. ஏழாவது புத்தகம் 1966-ல் வெளிவந்தது. 13 ஆண்டுத் திட்டம் சொன்னபடி முடிந்தது. மொத்தம் 214 மலைகள்.

ஒரு புத்தகத்தை அவர் யாருக்குக் காணிக்கையாக்கினார் தெரியுமா? தம்முடைய வலது காலுக்கும் இடது காலுக்கும்! அவர் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய் உடம்பை வளர்த்தவர் அல்ல. வாரம் தவறாத நடைதான் அவருடைய பயிற்சி.

மலையில் நடப்பவர்களுக்கு அவர் சொன்ன முக்கியமான யோசனையும் எளியதுதான். நடக்கும்போது கால் வைக்கும் இடத்தைப் பார்க்கவேண்டும். காட்சியைப் பார்க்க ஆசை வந்தால் நின்று பார்க்கவேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் விழவேண்டியதுதான்.

வீட்டில் இருந்த தனிமை

ஊரார் அவரைப் புகழ்ந்தார்கள். 1967-ல் எம்.பி.இ. என்ற அரசாங்க விருதும் கிடைத்தது. ஆனால் வீட்டு நிலைமை வேறு.

அந்த 13 ஆண்டுகளில் வார இறுதி முழுவதும் மலை. மற்ற நாட்களில் மாலையில் ஆபீசிலிருந்து வந்ததும் எழுத்து மேஜை. மனைவி ரூத் அடுத்த அறையில் தனியாக இருந்தார். ஒரே மகனோடும் நெருக்கம் இல்லை. 1967-ல் வெயின்ரைட் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் சமயத்தில் ரூத் வீட்டை விட்டுப் போய்விட்டார். மறு ஆண்டு விவாகரத்து ஆயிற்று.

ஆயிரக்கணக்கான பேருக்கு வழி காட்டியவர், தம் வீட்டுக்குள் ஒரு வழி காணவில்லை. குடிகாரத் தகப்பனாரால் துன்பப்பட்ட குடும்பத்தில் பிறந்த அவர் ஒரு நாளும் வீட்டுப் பணத்தைப் பாழாக்கியதில்லை. ஆனால் வீட்டுக்கு உரிய நேரத்தைக் கொடுக்கத் தவறிவிட்டார். அதற்கு உரிய விலையை ரூத்தும் மகனும் அவரோடு சேர்ந்து கொடுத்தார்கள்.

1970-ல் பெட்டி என்ற பெண்மணியை வெயின்ரைட் மறுமணம் செய்துகொண்டார். பெட்டிக்குக் கார் ஓட்டத் தெரியும். அதுவரை பஸ்ஸையே நம்பியிருந்தவர் அதன் பிறகு மனைவியின் காரில் மலையடிவாரத்துக்குப் போய் இறங்கினார். இருவரும் மனம் ஒத்து வாழ்ந்தார்கள்.

கடலிலிருந்து கடலுக்கு

ஓய்வு பெற்ற பிறகும் கால்கள் ஓயவில்லை. பென்னைன் பாதை என்ற 268 மைல் நீள நடைபாதைக்கு 1968-ல் வழிகாட்டிப் புத்தகம் எழுதினார். அதில் ஒரு வேடிக்கை செய்தார். பாதையை முழுவதும் நடந்து முடிப்பவர்களுக்கு, அது முடியும் கிர்க் யெட்டம் கிராமத்து விடுதியில் தம் கணக்கில் பீர் கொடுக்கச் சொன்னார். நடந்து வந்தவர்கள் கொஞ்சநஞ்சம் அல்ல. அவருக்குப் பல ஆயிரம் பவுன் செலவாயிற்று!

1973-ல் தாமே ஒரு புதிய பாதையை வகுத்தார். மேற்குக் கடற்கரையில் உள்ள செயின்ட் பீஸ் என்ற இடத்தில் தொடங்கி, மூன்று தேசியப் பூங்காக்களைக் கடந்து, கிழக்குக் கடற்கரையில் ராபின் ஹுட்ஸ் பே என்ற இடத்தில் முடியும் பாதை அது. நீளம் சுமார் 190 மைல். மேற்குக் கடலில் பூட்ஸை நனைத்துவிட்டுப் புறப்படுவதும், கிழக்குக் கடலில் நனைத்து நடையை முடிப்பதும் வழக்கமாகிவிட்டது. 2022-ம் ஆண்டில் அதைத் தேசிய நடைபாதையாக ஏற்பதாக இங்கிலாந்து அரசாங்கம் அறிவித்தது.

புத்தகங்களில் வந்த லாபத்தைக் கொண்டு அவர் மாளிகை கட்டவில்லை. அனாதையாகத் திரியும் நாய்களுக்கும் பூனைகளுக்கும் கெண்டலில் காப்பகம் அமைக்கக் கொடுத்துவிட்டார். அவருக்குப் பிடித்த ஆடம்பரச் சாப்பாடு எது என்றால், கடையில் வாங்கிய மீன் வறுவலும் உருளைக்கிழங்கு வறுவலும்தான்.

பெயரில்லாத குளம்

வயதான காலத்தில் அவருடைய கண்பார்வை மங்கிக்கொண்டே வந்தது. எந்த மலைகளை ஒவ்வொரு கோடாக வரைந்தாரோ, அந்த மலைகள் அவருக்கு மங்கலாகத் தெரிந்தன. 1991-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி, 84-வது வயதில் அவர் காலமானார்.

ஹேஸ்டாக்ஸ் என்று ஒரு மலை. வைக்கோல் போர் என்று அதற்குப் பொருள். 2,000 அடிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் 214 மலைகளில் அவர் மிகவும் நேசித்தவற்றில் அது ஒன்று. அதன் மேலே ஒரு சிறு குளம் இருக்கிறது. பெயரில்லாத குளம் என்பதே அதன் பெயர். தம் சாம்பலை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஆண்டு மார்ச் மாதம் பெட்டி அம்மையார் மலை ஏறிப் போய் அதை நிறைவேற்றினார்.

அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1995-ல், பிளாக்பர்ன் ரோவர்ஸ் குழு இங்கிலாந்தின் லீக் பட்டத்தைப் பெற்றது. அதற்கு முன்பு அந்தப் பட்டம் கிடைத்தது 1914-ல், வெயின்ரைட் ஏழு வயதுச் சிறுவனாக இருந்தபோது. நீண்ட காலம் குழுவின் பக்கம் நின்ற ஆதரவாளருக்கு அந்த வெற்றியைக் காணக் கொடுத்துவைக்கவில்லை.

ஆனால் சாம்பல் கலந்த அந்தக் குளத்தங்கரைக்கு ஜனங்கள் வருவது நிற்கவில்லை. தாத்தா பேரனைக் கூட்டிக்கொண்டு வருகிறார். ஆலைத் தொழிலாளி வருகிறார். ஆபீஸ் குமாஸ்தா வருகிறார். 214 மலைகளையும் ஏறி முடிப்பதை வாழ்நாள் லட்சியமாக வைத்திருப்பவர்களும் வருகிறார்கள். அவர்கள் கையில் ஒரு சிறிய புத்தகம் இருக்கிறது. அதில் வரிகள் எல்லாம் இரண்டு ஓரமும் நேராக நிற்கின்றன.