ஆட்டாசிரியர் அமாஸ் அலான்சோ ஸ்டாக்

ஆட்டப் பருவத்தின் முதற் பந்தயம் அணுகுங்கால் கலாசாலை மாணாக்கர்பால் உண்டாகும் கிளர்ச்சியை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. சென்ற வருஷத்து ஆட்டக்காரருள் பட்டம் பெற்று நீங்கினோர் எத்துணையர், அவர்தம் இடத்தில் நிற்கப் புகுவோர் யாவர், முன்னர் நம்மை வென்ற குழுவினரை இம்முறை வெல்லுதல் கூடுமோ என்றின்ன வினாக்கள் விடுதி அறைகளிலும் உணவுச்சாலையிலும் ஓயாது எழும். இக்கிளர்ச்சி எந்நாட்டிற்கும் பொதுவேயெனினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இஃது ஒரு பெருவிழாவாகவே வளர்ந்துவிட்டது. ஆகஸ்டு மாதக் கடைசியிலும் செப்டெம்பர் மாதத் தொடக்கத்திலும் அந்நாட்டுக் கலாசாலைகள் தத்தம் முதற் பந்தயத்தை ஆடும். அன்று பழைய மாணாக்கரும் புதிய மாணாக்கரும் ஊராரும் மைதானத்தைச் சூழ்ந்து திரள்வர்.

அவர்கள் காற்பந்தாட்டம் என்று வழங்குவது நாம் ஆடும் ஆட்டமன்று என்பதை ஈண்டே கூறிவிடுதல் நலம். நீண்டு உருண்டு இருமுனையுங் கூம்பிய பந்தைக் கையிலேந்தி ஓடியும், எறிந்தும், சிற்சில வேளைகளில் மாத்திரம் காலால் உதைத்தும், பதினொருவர் பதினொருவரை நெருக்கித் தள்ளிக்கொண்டு எதிரியின் எல்லைக்கோட்டைக் கடக்க முயலும் ஆட்டம் அது. உடல்வலியும் சூழ்ச்சித்திறனும் ஒருங்கே வேண்டப்படுவது.

இவ்வாட்டத்தின் தொடக்க நாளைத் தலைமை ஆட்டாசிரியராக நின்று 57 பருவங்களிற் கண்ட பெரியார் ஒருவர் இருந்தனர். அவரே அமாஸ் அலான்சோ ஸ்டாக் என்பார். அவர்தம் வரலாறு வெற்றி தோல்விக் கணக்கினும் மேலான ஒன்றை நமக்கு உணர்த்துமென்று எண்ணி அதனை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

ஸ்டாக் 1862-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16-ஆம் நாள், நியூ ஜெர்ஸி மாகாணத்திலுள்ள வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரிற் பிறந்தனர். தந்தையார் செருப்புத் தைத்துச் சீவனஞ் செய்தவர். குடும்பமோ பெரிது, வருவாயோ சிறிது. கூலிவேலை செய்து பொருள் சேர்த்தும், உண்டியைச் சுருக்கியும் இவர் கல்வி பயின்றனர். குருத்துவ ஊழியம் பூண்டு திருச்சபைக்குத் தொண்டு புரிய வேண்டுமென்பதே இவர்தம் இளமை வேட்கை. அவ்வேட்கையே இவரைப் புகழ்பெற்ற யேல் கலாசாலைக்குக் கொண்டு சேர்த்தது.

யேலில் இவர் முதற்கண் பெயர் பெற்றது காற்பந்தாட்டத்தால் அன்று. பேஸ்பால் என்னும் ஆட்டத்திற் பந்தெறியுந் திறத்தால். காசுக்கு ஆடுந் தொழிற்குழுவினர் பெரும்பொருள் தருவதாக அழைத்தும் இவர் இசைந்திலர். உண்டிக்கே இடர்ப்பட்ட வாலிபர் ஒருவர் அத்துணைப் பொருளை மறுத்தல் எளிதோ? ஆட்டம் தம்மைப் பண்படுத்துதற்கு உரியது, விலைப்படுத்துதற்கு உரியதன்று என்னுங் கொள்கை அப்பொழுதே இவருள்ளத்தில் வேரூன்றியிருந்தது. பின்னர்க் காற்பந்தாட்டக் குழுவிலும் சேர்ந்தனர். 1888-ஆம் ஆண்டில் யேல் குழுவினர் 13 பந்தயங்களில் 698 புள்ளிகள் பெற்று, எதிரிகளுக்கு ஒரு புள்ளியேனும் விடாது வென்றனர். அக்குழுவில் ஸ்டாக்கும் ஒருவர். அடுத்த ஆண்டில், நாட்டிலுள்ள கலாசாலை ஆட்டக்காரரெல்லாருள்ளும் சிறந்தாராகப் பதினொருவரை முதன்முறையாகத் தெரிந்தெடுத்தபோது, இவர் பெயரும் அப்பட்டியலில் இடம்பெற்றது.

மைதானத்தில் அஞ்சாத இவ்வீரர் பிரசங்க மேடையில் மட்டும் தடுமாறினர். வேதசாஸ்திரம் பயின்றுகொண்டிருந்தபோதே, கேட்போர் உள்ளத்தைக் கவரப் பேசும் வன்மை தமக்கு வாய்க்கவில்லையென்பதை உணர்ந்து பெரிதும் வருந்தினர். ஒருவர் தம் வாழ்நாளின் குறிக்கோளாகக் கொண்டது தமக்கு ஏற்றதன்றெனக் காணுதலினும் கொடிய தோல்வி வேறில்லை. ஆயினும் ஸ்டாக் சோர்ந்து ஒழிந்தாரல்லர். நாவாற் செய்ய இயலாத தொண்டை மைதானத்தில் வாலிபரோடு பழகிச் செய்யலாமெனத் துணிந்து, 1890-ஆம் ஆண்டில் ஸ்பிரிங்பீல்டு நகரத்துக் கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிக் கலாசாலையை அடைந்தனர்.

அக்கலாசாலையில் இவரோடு உடனிருந்தவர் ஜேம்ஸ் நைஸ்மித் என்பார். கூடைப்பந்தாட்டத்தை 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமைத்தவர் அவரே. 1892-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆம் நாள் அவ்வாட்டம் முதன்முதற் பொதுமக்கள் காண ஆடப்பெற்றது. மாணாக்கர் ஒருபுறமும் ஆசிரியர் ஒருபுறமுமாக நின்ற அப்பந்தயத்தில் ஆசிரியர் 5-க்கு 1 என்ற கணக்கில் தோற்றனர். ஆசிரியர் பக்கத்துக்கு அவ்வொரு புள்ளியைத் தேடித் தந்தவர் ஸ்டாக். 1920-ஆம் ஆண்டிற் சென்னையில் உடற்பயிற்சிக் கலாசாலையை நிறுவிய ஹாரி குரோ பக் என்பாரும் அந்த ஸ்பிரிங்பீல்டிற் பயின்றவரே. ஆதலின் ஸ்டாக் நின்ற மரபு நம் நாட்டிற்கு முற்றும் அயலானதன்று.

யேலில் ஸ்டாக்குக்கு ஆசிரியராயிருந்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், சிகாகோவிற் புதிதாய் எழவிருந்த சர்வகலாசாலையின் தலைவராக நியமனம் பெற்றனர். அவர் தம் பழைய மாணாக்கரை மறந்திலர். உடற்பயிற்சித் துறையை ஏற்று நடத்தும்படி வேண்டி, இணைப் பேராசிரியர் பதவியும் நிலையான உரிமையும் ஆண்டொன்றுக்கு 2,500 டாலர் ஊதியமும் நல்கினர். ஆட்டங் கற்பிப்போரைக் கணக்கு, இலக்கணம் கற்பிப்போரோடு ஒப்ப வைத்தல் அக்காலத்திற் புதுமை. சர்வகலாசாலை 1892-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் நாள் திறக்கப்பெற்றது. அம்மாதமே அதன் காற்பந்தாட்டப் பருவமுந் தொடங்கிற்று.

அம்முதற் பருவம் எத்தகையதென்று கேட்பின், நம் அன்பர்கள் நகைப்பர். போதிய ஆட்டக்காரர் இல்லாமையால் முப்பது வயதுள்ள ஆசிரியரே உடையணிந்து மாணாக்கரோடு களத்தில் இறங்க வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் எதிர்த்து நின்றோரும் பிற கலாசாலையார் அல்லர். உயர்தரப் பாடசாலைச் சிறுவர்களே. புகழும் இல்லை, பழைய வெற்றியின் நினைவும் இல்லை. பதின்மூன்று ஆண்டுகளில் நிலைமை முற்றும் மாறிற்று. 1905-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30-ஆம் நாள், 56 பந்தயங்களில் தோல்வியே அறியாது வந்த மிச்சிகன் குழுவினர் சிகாகோவுக்கு வந்தனர். மாலைவரை இருதிறத்தாரும் ஓரடியும் விட்டுக்கொடாது போராட, முடிவில் 2-க்குப் பூஜ்யம் என்ற கணக்கிற் சிகாகோ வென்றது. பாடசாலைச் சிறுவரோடு ஆடத் தொடங்கிய குழு நாட்டின் முதற்குழுவாயிற்று.

அவ்வாண்டே இவ்வாட்டத்திற்குப் பெருங்கேடு சூழ்ந்த ஆண்டுமாகும். நெருக்கித் தள்ளும் முறையினால் வாலிபர் பலர் அங்கம் இழந்தனர். சிலர் உயிரும் இழந்தனர். ஆட்டத்தையே ஒழித்துவிட வேண்டுமென்ற கூக்குரல் எழுந்தது. நாட்டுத் தலைவராயிருந்த ரூஸ்வெல்ட்டும் தலையிட்டனர். விதிகளைத் திருத்துங் குழுவில் அமர்ந்திருந்தோருள் ஸ்டாக்கும் ஒருவர். 1906-ஆம் ஆண்டிற் பந்தை முன்னோக்கி எறிதற்கு இடந்தரப்பட்டது. மும்முறை முயன்று கடக்க வேண்டிய தூரமும் 5 கஜத்திலிருந்து 10 கஜமாக்கப்பட்டது. இவற்றால் நெருக்கம் தளர்ந்து, ஆட்டம் ஓட்டத்திற்கும் அறிவிற்கும் இடந்தருவதாயிற்று. மாணாக்கரின் உயிரைக் காத்தலே ஆட்டத்தைக் காத்தலென்பதை அறிந்து செய்த சீர்திருத்தம் இது.

ஸ்டாக் மதுவும் புகையிலையுந் தீண்டாதவர். களத்தில் எத்துணைச் சினம் மூண்டாலும் வசைமொழி வழங்கார். கழுதை என்பதே அவர் நாவிலெழும் கடுஞ்சொல். அப்பட்டம் பெறாத ஆட்டக்காரர் அரியர். 1894-இல் இவரை மணந்த ஸ்டெல்லா அம்மையார் இல்லறத்திற்கு மாத்திரமன்றி ஆட்டத்திற்குந் துணைவியாயினர். கணவரோடு மைதானத்தில் அமர்ந்து ஆட்டத்தின் போக்கைக் குறித்துக் கொடுத்தும், அலுவல்களிற் கைகொடுத்தும் வந்தனர்.

எனினும், புகழ்வார் புகழ்வனவற்றை மட்டும் கூறி விடுதல் வரலாறு ஆகாது. வெற்றி பெருகப் பெருக, நுழைவுச்சீட்டுப் பணமும் பெருகிற்று. நல்ல ஆட்டக்காரரைத் தேடிப் பிடித்துச் சேர்க்கும் வழக்கம் சிகாகோவையும் பற்றிற்று. மிச்சிகனை வென்ற குழுவில் ஒப்பற்று விளங்கிய எக்கர்சால் என்பார், ஆட்டத்தில் அழியாப் புகழ் எய்தியும், பட்டம் பெறாமலே கலாசாலையை விட்டு நீங்கினர். கலாசாலைக்காக ஆட்டமோ, ஆட்டத்திற்காகக் கலாசாலையோ என்னும் வினா அன்றே எழுந்தது. இன்றும் அந்நாட்டில் ஓய்ந்தபாடில்லை. ஆட்டத்தை விலைப்படுத்தலாகாதென்று வாலிபத்தில் துணிந்த ஸ்டாக்குக்கும், தாம் வளர்த்த ஆட்டத்தின் பெருக்கத்தை முற்றும் அடக்க இயலவில்லை. நல்லார் கைப்பட்ட நற்பொருளுங்கூட அளவு கடப்பின் தன் எல்லையை மறக்கும்.

1932-ஆம் ஆண்டில் ஸ்டாக்குக்கு எழுபது வயது நிரம்பிற்று. வயது வரம்பு விதியைக் காட்டிச் சர்வகலாசாலைத் தலைவர் ஹச்சின்ஸ் அவரை ஆட்டாசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெறச் செய்தனர். வேறு அலுவல் ஒன்று அளிக்க முன்வந்தும் ஸ்டாக் ஏற்றிலர். 41 பருவங்கள் ஓரிடத்தில் நின்று உழைத்தவர். மைதானத்திற்கே அவர் பெயர் இடப்பட்டிருந்தது. அந்நிலையில் மற்றொருவராயின் பழைய வெற்றிகளை எண்ணிச் சாய்வு நாற்காலியிற் காலங்கழித்திருப்பர். ஸ்டாக்கோ, கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் நகரத்திலிருந்த பசிபிக் கலாசாலை என்னுஞ் சிறு கலாசாலைக்குச் சென்று, 1933-ஆம் ஆண்டின் முதற் பந்தயத்திற்கு மாணாக்கரை ஆயத்தஞ் செய்யலாயினர். சிகாகோவில் முப்பது வயதிற் செய்ததை எழுபத்தோராம் வயதில் மீண்டுஞ் செய்யத் தொடங்கினர்.

1938-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவர்தம் பசிபிக் குழு, ஸ்டாக் மைதானம் என்னும் அதே இடத்திற் சிகாகோவை எதிர்த்து 32-க்குப் பூஜ்யமாக வென்றது. தாம் நட்டு வளர்த்த மரம் பட்டுப்போனதைத் தாமே காண்பார்போல் அவர் அன்று நின்றிருப்பர் என்று எண்ணுகின்றோம். அடுத்த ஆண்டு டிசம்பரிற் சிகாகோ சர்வகலாசாலையார் காற்பந்தாட்டத்தையே கைவிட்டனர். ஆளொழிந்த அம்மைதானத்தின் மேலைப்புறத்துப் படிக்கட்டுகளின் கீழேதான், 1942-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 2-ஆம் நாள், பெர்மி முதலிய விஞ்ஞானிகள் அணுவின் தொடர்ப்பிளவை முதன்முதல் நிகழ்த்தினர். அம்மைதானம் இருந்த நிலத்தில் இப்பொழுது பெரியதொரு நூல்நிலையம் நிற்கின்றது.

ஸ்டாக்கின் வரலாறு அதனோடு முடிந்திலது. 1943-ஆம் ஆண்டில், 81-ஆம் வயதில், அவ்வாண்டின் சிறந்த ஆட்டாசிரியரென அவர்தம் தோழராகிய ஆட்டாசிரியர்களே அவரைத் தெரிந்தெடுத்தனர். 1946 வரை பசிபிக்கில் இருந்தனர். 1947 முதல் 1952 வரை, பென்ஸில்வேனியாவிலுள்ள ஸஸ்குவஹானா சர்வகலாசாலையில் ஆட்டாசிரியராயிருந்த தம் மைந்தருக்குத் துணைநின்று உழைத்தனர். தந்தை மகனுக்குத் துணைவராயினமை தாழ்வென்று அவர் கருதிலர். பின்னர் மனைவியாரின் உடல்நலங் கருதி ஸ்டாக்டனுக்கு மீண்டு, அவ்வூர்க் கலாசாலைச் சிறுவர்க்குப் பந்து உதைக்கக் கற்பித்தனர். தொண்ணூற்றைந்து வயது கடந்த பின்னரும் அவரை மைதானத்திற் காணலாயிற்று. 1965-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17-ஆம் நாள், 102-ஆம் வயதில் ஸ்டாக்டனில் உயிர்நீத்தனர். அவர் கணக்கில் நின்ற வெற்றிகள் 314. அவ்வெண்ணை 1981-ஆம் ஆண்டு வரை எவரும் கடந்திலர்.

சிகாகோ சர்வகலாசாலை 1969-ஆம் ஆண்டில் மீண்டும் காற்பந்தாட்டத்தைத் தொடங்கிற்று. ஆனால் பழைய ஆரவாரத்தோடு அன்று. ஆட்டத்திற்காக உதவிச் சம்பளம் அளியாத கலாசாலைகளின் வரிசையில் அஃது இப்பொழுது ஆடுகின்றது. அவ்வரிசைக் கலாசாலைகளின் இறுதிப் பந்தயத்துக்கு 1973 முதல் ஸ்டாக்கின் பெயரையே இட்டு வழங்குகின்றனர். பெருங்குழுக்களின் பந்தயங்களிற் பணமும் பகட்டும் மிக்கிருப்ப, ஆட்டத்தை ஆட்டமாகவே விரும்பும் மாணாக்கரின் பந்தயத்தில் அவர் பெயர் நிலைபெற்றது மிகவும் பொருத்தமுடைத்து.

முதற் பந்தயத்தின் முன்னாளில் எவரும் வென்றவரல்லர், எவரும் தோற்றவரல்லர். சென்ற வருஷத்துக் கோப்பை புதிய பருவத்திற்கு ஒரு புள்ளியும் தாராது. சென்ற வருஷத்துத் தோல்வியும் ஒரு புள்ளியைக் குறையாது. பிரசங்க மேடையில் தோற்றபோதும், எழுபதாம் வயதிற் பதவி இழந்தபோதும், ஸ்டாக் தம்மை முதற் பந்தயத்தின் முன்னாளில் நிற்பவராகவே எண்ணினர். தம் குழு வெல்லுமோ என்று கேட்பதனோடு நில்லாது, இப்பருவத்தின் முடிவில் தாம் எத்தகைய மனிதராய் வெளிவருவோம் என்றும் நம் ஆட்டக்காரர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராக. மைதானத்தின் ஓரத்தில் நின்று ஆர்ப்பரிக்கும் நமக்கும் அவ்வினா உரியதே.