மின்னியல் கற்ற தாய்

திருமலை அடிவாரத்தில் பயிலும் நண்பர்களே! இறுதியாண்டு வந்துவிட்டால் நம் விடுதிகளில் ஒரே பேச்சுத்தான். சென்னையா, பெங்களூரா? மென்பொருள் வேலை எங்கே கிடைக்கும்? சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் அந்நகரங்கள் சில மணி நேரப் பயணத்தில் இருப்பவை. ஆயினும், நம்முடன் பயிலும் பெண்களுள் சிலருக்கு அதுவே கடக்க முடியாத தொலைவாகி விடுகிறது. வீட்டில் தயக்கம், ஊரில் பேச்சு, மணமானவர் என்றால், குழந்தையை யார் பார்ப்பது என்னும் கேள்வி. அக்கேள்விக்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே தம் வாழ்வால் விடை கூறியவர் ஒருவர் உண்டு. அவரே அய்யலசோமயாஜுல லலிதா அம்மையார்.

1919 ஆகஸ்டு 27-ஆம் நாள் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் பப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்னியல் பேராசிரியர். லலிதாவுக்கு 15 வயதில் திருமணம். 18 வயதில் கைம்மை. மடியிலோ நான்கு மாதப் பெண் குழந்தை! அந்நாளில் கைம்பெண்ணுக்குச் சமுதாயம் ஒதுக்கிய இடம் வீட்டின் மூலை. அம்மூலையில் முடங்க அவர் மறுத்தார். இராணி மேரி கல்லூரியில் சேர்ந்து, இண்டர்மீடியட் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். மருத்துவம் பெண்களுக்குப் புதிதன்று. ஆனால், நள்ளிரவில் குழந்தையை விட்டு ஓடவேண்டிய தொழில் தமக்கு ஆகாது என எண்ணினார். தந்தையின் துறையே அவர் உள்ளத்தைக் கவர்ந்தது.

கிண்டியோ அதுவரை ஒரு மாணவியையும் கண்டதில்லை. அன்று நம் சித்தூர் மாவட்டத்தையும் உள்ளடக்கியிருந்த சென்னை மாகாணத்தில் பொறியியல் ஆண்களின் கல்வியாகவே இருந்தது. தந்தையார் மகளுக்காகக் கதவைத் தட்டினார். முதல்வர் சாக்கோவும் கல்வித்துறை இயக்குநர் ஸ்டேதமும் திறந்தனர். 1940-இல் லலிதா சேர்ந்தார். அத்தனை ஆண்களுக்கிடையே ஒரே பெண்! விடுதியிலும் தனிமை. குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தது. வார இறுதியில்தான் தாயும் சேயும் சந்தித்தனர். பின்னர் லீலம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்னும் இருவர் கட்டடப் பொறியியல் பயில வந்து சேர்ந்தனர். போர்க்காலத்தை முன்னிட்டுப் படிப்புக் காலம் குறைக்கப்படவே, 1943-இல் மூவரும் ஒன்றாகத் தேறினர். சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலில் திருத்த வேண்டியிருந்தது! திரேசியா பிற்காலத்தில் கேரளத்தின் தலைமைப் பொறியாளரானார்.

பட்டம் கிடைத்தால் பொறியாளர் ஆகிவிட்டோமா? இல்லை. லலிதா ஜமால்பூர் இரயில்வே பட்டறையில் ஓராண்டு தொழிற்பயிற்சி பெற்றார். 1944-இல் சிம்லாவில் மத்தியத் தர நிர்ணய அமைப்பில் பணியேற்றார். அங்குத் தமையனார் வீடு இருந்தது. ஆகவே மகளும் உடன் இருக்க முடிந்தது. வேலையில் இருந்தவாறே இலண்டன் மின் பொறியாளர் கழகத்தின் தேர்வையும் எழுதித் தேறினார். பின்னர்ச் சில மாதங்கள் தந்தையின் ஆராய்ச்சிக்குத் துணை நின்றார். 1948-இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். மின் கடத்தும் தடங்களையும் துணை மின் நிலையங்களையும் வகுத்தமைப்பது அவர் பணி. பக்ரா நங்கல் திட்டத்திலும் அவர் உழைப்பு உண்டு. கல்கத்தாவிலும் உடன்பிறந்தார் குடும்பமே குழந்தைக்கு அரணாயிற்று. 1964-இல் நியூயார்க்கில் நடந்த முதல் அனைத்துலகப் பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டில் கலந்துகொண்டார். ஏறக்குறைய முப்பதாண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற அவர், 1979 அக்டோபர் 12-ஆம் நாள் மறைந்தார்.

லலிதாவின் அறிவும் உறுதியும் பெரியவை, ஐயமில்லை. ஆனால், தட்டிய தந்தை இல்லையேல், திறந்த முதல்வர் இல்லையேல், குழந்தையை ஏந்திக்கொண்ட உடன்பிறந்தார் இல்லையேல், அவ்வறிவு அந்த மூலையிலேயே மறைந்திருக்கும் அன்றோ? கல்லூரிக்கும் தொழிலுக்கும் இடையேயுள்ள வழியை ஒருவர் நடக்கிறார்; பலர் அமைக்கிறார்கள்.

நண்பர்களே, நாளை உங்கள் தங்கைக்கோ மனைவிக்கோ பெங்களூரிலிருந்து பணி ஆணை வரலாம். அன்று வீட்டார் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். லலிதாவின் துணிவைப் புகழ்வது எளிது. அவர் தமையனாரின் வீட்டைப்போல் நம் வீட்டைத் திறந்து வைப்பதே அரிது. அரியதைச் செய்வோம்.